ஐந்து கறுப்புக் கட்டிகளும் என் வாக்குமூலமும்

1

மாதனூரிலிருந்து என் மைத்துனன் ஏழுமலை கடிதம் போட்டிருக்கிறான். அடுத்த மாதம் மதராசில் கப்பல் ஏறி ரங்கூன் வருகிறானாம். மாமாவுக்கு என்ன எடுத்து வரட்டும் என்று கேட்டிருக்கிறான். அதுவரைக்கும் நல்ல கடிதம்தான். கடைசி வரியில் விஷயம் இருந்தது. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று அவனுக்கு முழங்கால் வலி. ஆம்பூர் லைசென்ஸ் கடையில் அபின் வாங்கி, கடுகு அளவு உருட்டி, சாப்பாட்டுக்குப் பின் வாயில் போட்டுக்கொள்கிறான். ரங்கூனில் அந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாததால், இரண்டு மாதத்துக்கு வேண்டியதை இங்கேயே வாங்கி மூட்டையில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறான்.

முழங்கால் வலி அவனுக்கு. எழுந்து போய்த் தெருக்கதவைத் தாழிட்டவன் நான்.

"இன்னா எழுதியிருக்கான் என் தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி கண்ணம்மா. படித்துக் காட்டினேன். அவள் பதறவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்களே பதில் எழுதுங்க. இந்த விஷயத்துல உங்களை மாதிரி அனுபவஸ்தன் ரங்கூன்ல யாரு இருக்கா?" என்றாள்.

அவனுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கத்திலிருந்து இங்கே வருவதற்காக மூட்டை கட்டுகிற எல்லாருக்குமாக எழுதுகிறேன். அபின் வழக்கில் பிடிபட்டு, கூண்டில் ஏறி, மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, திறந்திருக்கவே கூடாது என்று பிற்பாடு அறிந்துகொண்ட ஒருவன் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

2

முதலில் சட்டம். நம் ஊரில் அபின் கடை என்றால் யாரும் தலையைக் குனிந்துகொண்டு போவதில்லை. சர்க்கார் ஏலம் விடுகிறது, குத்தகைக்காரர் எடுக்கிறார், வாசலில் பலகை தொங்குகிறது. அளவு தாண்டாமல் வாங்கினால் கேள்வி கிடையாது. பக்கத்துக் கடையில் புகையிலை வாங்குகிறவரும் இந்தக் கடையில் அபின் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

கடல் தாண்டினால் கதை வேறு. ராஜா ஒருவர்தான், தபால் தலையும் ஒன்றுதான், அதனால் சட்டமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கேயும் சர்க்கார் கடை உண்டு. ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு. கஞ்சாவுக்குக் கடையே கிடையாது, வைத்திருப்பதே குற்றம். எதுவானாலும் நீங்களாக மூட்டைக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தால், அது குன்றிமணி அளவாக இருந்தாலும் குற்றம். ஆம்பூரில் வாங்கின ரசீதைக் காட்டினால் விட்டுவிடுவார்களா என்று ஏழுமலை கேட்பான். விடமாட்டார்கள். ரசீதையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அபின் கொண்டுவரவும் இல்லை.

3

நான் இங்கே ஒரு தோல் மண்டியில் வேலை பார்க்கிறேன். பச்சைத் தோல் வரும். தரம் பிரித்து, உப்புப் போட்டு, கட்டு கட்டி மதராசுக்கு அனுப்ப வேண்டும். முதலாளி ஆம்பூர்க்காரர். அவருக்கு ஓர் ஆசை வந்தது. தோலை இங்கேயே ஏன் பதனிடக்கூடாது? இந்த ஊர் மரச் சாற்றில் போட்டால் தோல் செக்கச்செவேலென்று ஆகிறது. நம் ஆவாரம்பட்டையில் போட்டால்தான் அந்தப் பிஸ்கோத்து நிறம் வரும். ஆகவே நான் லீவில் ஊருக்குப் போனபோது, "பட்டைச் சாறு கொஞ்சம் மாதிரிக்குக் கொண்டா" என்று சொல்லி அனுப்பினார்.

ஆம்பூரில் என் பழைய மேஸ்திரி கரீம் பாயிடம் சொன்னேன். அவர் பட்டையைப் போட்டுக் காய்ச்சி, வடித்து, மறுபடியும் காய்ச்சி, கூழாக வந்ததைக் கொட்டாங்குச்சிகளில் ஊற்றி இறுக வைத்தார். வெயிலில் காய்ந்ததும் ஐந்து கட்டிகள். கறுகறுவென்று, உருண்டையாக, மேலே மினுமினுப்போடு இருந்தன. ஒவ்வொன்றையும் காய்ந்த இலையில் சுற்றி, துணியில் பொதிந்து, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

"பத்திரமா எடுத்துக்கினு போ. பேஜார் ஒண்ணும் வராது," என்றார்.

அபின் எந்த உருவத்தில், எந்த நிறத்தில், எதில் சுற்றி வரும் என்பதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை. ரங்கூன் துறைமுகத்தில் போதைச் சரக்குக்காக மூட்டைகளைச் சோதிக்க நின்றிருந்த அப்காரி இலாகா துரை கவனித்திருந்தார். சட்டைக்காரர், அதாவது பாதி வெள்ளைக்காரர்; சின்ன வயசு. தலையைவிடத் தொப்பி பெரியது. என் பெட்டியின் கயிற்றை அறுத்து, துணியைப் பிரித்து, ஐந்து கட்டிகளையும் வரிசையாக வைத்தார். இது என்ன என்று இந்துஸ்தானியில் கேட்டார்.

ஆம்பூரில் வேலை பார்த்தவனுக்கு இந்துஸ்தானி தெரியாதா? தெரியும். ஆனால் பட்டைக்கு இந்துஸ்தானியில் என்ன சொல்வது என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. தமிழில் என்ன சொல்வது என்பதும் ஏறக்குறைய மறந்துபோனது. வாயால் சொல்ல முடியாததைச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். என் வாழ்நாளின் மகா யோசனைகளில் அதுவும் ஒன்று.

எங்கள் தொழிலில் சாற்றின் வலுவைப் பார்க்கக் கருவி கிடையாது, நாக்குதான். மேஸ்திரி தொட்டியில் விரலை விட்டு எடுத்து நக்கிப் பார்ப்பார். "கம்மி," என்றால் இன்னும் பட்டை விழும். நாக்கைப் பிடித்து இழுத்தால் சாறு சரி. தோல்காரன் எவனும் கட்டியைக் கையில் எடுத்தால் அடுத்தது வாய்தான், யோசித்துச் செய்வதில்லை.

நான் ஒரு கட்டியின் ஓரத்தை உடைத்தேன். நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிச் சப்பினேன். துவர்ப்பு உச்சி வரைக்கும் ஏறியது. கரீம் பாய் சரக்கென்றால் சும்மாவா? கண்ணைத் திறந்து, "முதல் தரம், துரை," என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா நாக்குல வெச்சிப் பாக்குறேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். மரியாதைக்குறைவாகப் போய்விடக் கூடாதே என்று அவரிடமும் ஒரு துண்டை நீட்டினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

4

அன்று சாயங்காலம் முதலாளி ஜாமீன் கொடுத்து வெளியே எடுத்தார். கட்டிகளைச் சர்க்கார் ரசாயனப் பரீட்சகரிடம் அனுப்பிவிட்டார்கள். பதில் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை நான் அபின் குற்றவாளியாக உலாவலாம் என்றார்கள்.

முதலாளி நல்ல மனிதர். கோபப்படவில்லை. "நீ உள்ள போய்ட்டன்னா மண்டியில வேற ஆளைப் போட வேண்டியிருக்கும், கோச்சிக்காத," என்றார். நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறையும் மண்டிக்குச் சொந்தம். வேற ஆள் என்றால் வேற குடும்பம். ஆக, நான் ஜெயிலுக்குப் போனால் என் வேலை போகும், வீடு போகும், கண்ணம்மாவும் பதிமூன்று வயது மகள் சரோஜாவும் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும். பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்ததற்கு அடையாளமாக ஜெயிலில் ஒரு நம்பர் மிஞ்சும்.

மண்டிக்காரர்கள் என்னை வக்கீல் குமாஸ்தா கோவிந்தசாமியிடம் அனுப்பினார்கள். காவேரிப்பாக்கத்துக்காரர். வக்கீல் பேசுகிற சட்டத்தைவிட இவர் பேசுகிற சட்டம் அதிகம். வெற்றிலையை மடித்தபடி விளக்கினார்.

"கைவசம்னா கையிலயே இருக்கணும்னு இல்ல, துரைசாமி. பொட்டி உன்னுது, சாவி உன்னுது, அப்ப உள்ள இருக்கற சரக்கும் உன்னுது."

"சாவி இல்லண்ணே. கயிறுதான் கட்டியிருந்தேன்."

"முடிச்சு போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப சாவி நீதான்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "உனக்குத் தெரிஞ்சி வெச்சிருக்கணும், அதுதான் ரெண்டாவது. தெரியாம யாரோ வெச்சிட்டாங்கன்னு சொல்லலாம். ஆனா நீ நக்கிப் பாத்து முதல் தரம்னு சர்ட்டிபிகேட் குடுத்திருக்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"வேற கேசுன்னா சர்க்கார்தான் நிரூபிக்கணும். அபின் கேசு அப்பிடி இல்ல. இது உன்கிட்ட எப்பிடி வந்துச்சின்னு நீதான் கணக்கு சொல்லணும். சரி, துரைக்கு ஒரு துண்டு நீட்டினியாமே?"

"மரியாதைக்கு."

"குடுக்கப் போனா அது தனி கேசு. நல்லவேளை அவரு வாங்கிக்கல."

"அண்ணே, அது பட்டைண்ணே. ஆவாரம்பட்டை."

"பட்டைன்னு பரீட்சகர் சொன்னா நீ வீட்டுக்குப் போலாம். இல்லன்னா பொதுவா ஒரு விஷயம் சொல்றேன். ஒத்துக்கினா தண்டனை கம்மி. ஒத்துக்காம எதிர்த்து நின்னு தோத்துட்டா ஜாஸ்தி. இது எல்லா கேசுக்கும் பொது."

அவர் 'இல்லன்னா' என்று சொன்னதை என் காது வாங்கவில்லை. 'ஒத்துக்கினா கம்மி' மட்டும் நேராக உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

5

பட்டை என்று தெரிந்தவன் ஏன் பயப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பயத்தோடு பழக்கம் இல்லாதவர்கள் கேட்கிற கேள்வி இது. கரீம் பாய்க்கும் கால் வலி உண்டு. அவரும் லைசென்ஸ் கடைக்குப் போகிறவர்தான். அந்தச் சின்னப் பொட்டலம் எப்போதும் இடுப்பில் இருக்கும். கூழைக் கிண்டும்போது குனிந்திருப்பார். குனிந்தபோது நழுவியிருந்தால்? கொட்டாங்குச்சிக்குள் விழுந்திருந்தால்? ஐந்தில் எதில் விழுந்தது? இப்படியே எனக்கு மூன்று நாள் போனது.

நான்காவது நாள் சட்டைப் பையில் கை விட்டால், துறைமுகத்தில் நான் உடைத்த துண்டு உள்ளே இருக்கிறது. பாக்களவு இருக்கும். போலீசுக்குத் தெரியாத சரக்கு. இப்போது நிஜமாகவே ஒளித்துவைத்த குற்றவாளி ஆகிவிட்டேன். அதை அரிசி டப்பாவில் போட்டேன். சோற்றோடு வெந்துவிடுமோ என்று எடுத்துத் தலையணைக்குள் வைத்தேன். தலையைச் சாய்க்கத் தைரியம் இல்லை. எடுத்துச் சரோஜாவின் பாடப் பெட்டியில் வைத்தேன். குழந்தையையும் குற்றவாளி ஆக்கிவிட்டோமே என்று உடனே திரும்ப எடுத்தேன். எடுக்கும்போது அவள் பார்த்துவிட்டாள்.

சரோஜா மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பர்மா பாஷையில் சண்டை போடுவாள், இங்கிலீஷில் ஜெபம் செய்வாள், தமிழில் சோறு கேட்பாள். எனக்கு வந்திருந்த சம்மனை அவள்தான் படித்துச் சொல்லியிருந்தாள்.

"நைனா, நீங்க இப்ப அக்யூஸ்டா, கன்விக்டா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"ரெண்டு வாரம்," என்றாள்.

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு என் கையைக் காட்டினாள். கண்ணம்மா விரலைப் பிரித்துத் துண்டை எடுத்தாள். அரிவாள்மணையில் வைத்துச் சுரண்டி, இரும்பின் மேலேயே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அரிவாள் நீலக் கறுப்பாக மசி பூசினாற்போல ஆனது. அவள் விரலும் கறுத்தது.

அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இரும்பு பட்டா கறுக்குது. பட்டைச் சாறுதான். இதுக்குத்தான டேனரியில தொட்டி கிட்ட இரும்பு வாளி வெக்க விடமாட்டாங்க, தோலு கறை ஆய்டும்னு. மாதனூர்ல கொழந்தைங்களுக்குத் தெரியும். இருபது வருஷம் தோல்ல குப்பை கொட்டின உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குத் தெரியும். தெரிந்தது பயத்தில் எங்கோ போயிருந்தது, அவ்வளவுதான். அன்று ஒரு மணி நேரம் மகாராஜாவாக இருந்தேன். வெற்றிலைகூடப் போட்டேன். பிறகு தோன்றியது: இந்தத் துண்டு பட்டை, சரி. மற்ற நான்கு கட்டிகள்?

கண்ணம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அரிவாள்மணை பக்கத்திலேயே இருந்தது.

6

விசாரணை நாளன்று மூவருமாகப் போனோம். டவாலி என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டான். மூன்றும் வேறு வேறு பெயர். மூன்றாவது பெயரைக் கேட்டு, என் பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்கரும் எழுந்து நின்றார்.

மாஜிஸ்திரேட் பர்மாக்காரர், வயதானவர். தலையில் ரோஜா நிறப் பட்டுக் கட்டு. மேசை மேல் என் கட்டிகள் அரக்கு முத்திரையோடு இருந்தன. அவர் கையில் ஒரு தாள். அது பரீட்சகரின் அறிக்கை என்று எனக்குத் தெரியாது. தண்டனையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். கோவிந்தசாமி எனக்குப் பின்னால் நின்று, "கேட்டதுக்கு மட்டும் பதில்," என்று கிசுகிசுத்தார்.

துபாஷி கேட்டார்: "அனுமதி இல்லாமல் அபின் வைத்திருந்ததாக உன்மேல் குற்றம். ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா?"

ஒத்துக்கினா கம்மி. "ஒத்துக்கிறேங்க," என்றேன்.

பின்னால் கோவிந்தசாமி என் குதிகாலில் ஓர் உதை விட்டார். மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். துபாஷி மூலமாகக் கேட்டார்.

"எதை ஒப்புக்கொள்கிறாய்?"

"என்கிட்ட இருந்ததைங்க."

"உன்னிடம் இருந்தது என்ன?"

"நீங்க இன்னா சொல்றீங்களோ அதுங்க."

"இந்தத் தாளில், ஐந்தும் மரப்பட்டைச் சாறு, அபின் துளியும் இல்லை என்று இருக்கிறது. நீ அபின் என்கிறாய். சர்க்காருடைய பரீட்சகர் தவறிவிட்டாரா, அல்லது நீ தவறாகச் சொல்கிறாயா?"

சர்க்கார் தவறிவிட்டது என்று சொல்வதற்கு என்ன தண்டனையோ? "நான்தாங்க தப்பு," என்றேன்.

"அப்படியானால் இது பட்டை."

"ஆமாங்க."

"பிறகு ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டாய்?"

"கம்மியா வரும்னு சொன்னாங்க."

குதிகாலில் இன்னொரு உதை விழுந்தது. இதற்குமேல் தாங்காமல் பெஞ்சிலிருந்து கண்ணம்மா எழுந்து நின்றுவிட்டாள். டவாலி உட்காரச் சொல்லிக் கையை ஆட்டினான். அவள் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயா, அவுரு பயந்துட்டா எதுக்கு வேணாலும் ஒத்துக்குவாரு. என்னைக் கட்டிக்க ஒத்துக்கினதே அப்பிடித்தான். எங்க நைனா கொஞ்சம் சத்தமா பேசினாரு, அவ்ளோதான்."

துபாஷி இதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, மொழிபெயர்த்தார். மாஜிஸ்திரேட் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாள் ஆடியது. இறக்கியபோது முகம் பழையபடி இருந்தது, கண்ணில் மட்டும் ஈரம்.

அவர் சொன்னதை ஏழுமலை எழுதி வைத்துக்கொள்ளட்டும். வைத்திருந்த பொருள் முதலில் அபினாக இருக்க வேண்டும். அது அபின் இல்லையென்றால், வைத்திருந்தவன் முட்டி போட்டு ஒப்புக்கொண்டாலும் அதைக் குற்றமாக்க முடியாது. அது அபினாக இருந்தால், எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கினேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது. "இந்த மனிதனை விட்டுவிடுகிறேன். யோசனை சொல்கிறவர்களிடமிருந்து சட்டம் இவனைக் காப்பாற்ற முடியாது, அதை இவனே பார்த்துக்கொள்ள வேண்டும்," என்று முடித்தார். கோவிந்தசாமி அதற்குள் வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தார்.

7

வெளியே வந்தோம். எனக்குக் கால் தரையில் இல்லை. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, கப்பல் ஏற வேண்டியதில்லை. டிராமுக்கு நிற்கும்போது இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள், ஆனால் ஒரு மாற்றுக் குறைவாக இருந்தது.

"இன்னா, சந்தோஷமா இல்லியா?" என்றேன்.

சரோஜாதான் முதலில் சொன்னாள். "நைனா உள்ள போயிருந்தா நான் ஸ்கூல் போர்டிங்ல இருந்துக்கலாம்னு கேட்டு வெச்சிருந்தேன். கட்டில் கூடக் காட்டினாங்க. ஜன்னல் பக்கம்."

"அம்மா கூட ஊருக்குப் போ மாட்டியா?"

"அது உங்க ஊரு நைனா. எனக்கு அங்க யாரைத் தெரியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் ஊருக்குப் போய் அப்போது ஏழு வருஷம். உண்மையிலேயே யாரைத் தெரியும் என்று யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கண்ணம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டிராம் வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ?"

"நான் இன்னா? கப்பல் எந்தக் கிழமைன்னு விசாரிச்சி வெச்சிருந்தேன். நீங்க அவ்ளோ தெளிவா உள்ள போறதுக்கு வழி பண்ணிக்கினு இருந்தீங்களே."

"பட்டைன்னு நீதான அரிவாள்மணையில வெச்சிக் காட்டின. அப்புறமுமா விசாரிச்ச?"

"அப்புறமும்தான்," என்றாள்.

"எழுந்து நின்னு என்னைக் காப்பாத்தினதும் நீதான?"

"அது வேற. நீங்க முழிச்சிக்கினு நின்னதைப் பாத்தா யாருக்கும் மனசு கேக்காது."

டிராம் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் கடந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "என்னை விட்டுட்டாங்கன்னு உனக்கு வருத்தமா, கண்ணம்மா?"

"வருத்தம்னு இல்ல," என்றாள். "பொட்டி கட்டிட்டேன். இனிமே பிரிக்கணும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். நான் அவிழ்க்கப் போனபோது, "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்," என்றாள். பிறகு அன்றன்றைக்குக் கட்ட வேண்டிய புடவையை மட்டும் ஒவ்வொன்றாக அதிலிருந்து எடுத்தாள். முழுப் பெட்டியும் காலியாக ஒன்பது நாள் ஆனது. சீக்கிரம் பிரி என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.